கம்பியும் முரசும்

பல்லுக்குக் கம்பி போடுதல் எமது இளமைக்காலத்தில் ஊரில் அதிகம் கேள்விப்படாத காரியம். முன்பற்கள் மிதந்து நின்றவர் அப்படியே வளர்ந்தார். அப்படியே மணம் முடித்தார். அப்படியே பேரப்பிள்ளைகளையுங் கண்டார். இன்றோ பாடசாலை விடும் நேரத்தில் யாழ்ப்பாணப் பஸ் நிலையத்திலே கால்மணி நேரம் நின்றால், கூடிச் சிரிக்கும் பிள்ளைகளில் ஒருவர் இருவருடைய பற்களிலாவது கம்பி மின்னுவதைக் காணலாம். இது நல்ல மாற்றமே. ஆயினும் கம்பியைப் பற்றிப் பேசும் பெற்றோர் அதன் செலவைப் பற்றிப் பேசுகின்றனர். எத்தனை மாதம் என்று பேசுகின்றனர். பல் எவ்வளவு நேராகும் என்று பேசுகின்றனர். பல்லைத் தாங்கி நிற்கும் முரசைப் பற்றிப் பேசுவாரைக் காண்பது அரிதாயிருக்கின்றது. எமது வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கம்பி போட்டு, அது பாதியிலே கழற்றப்படும் நிலைக்கு வந்து மீண்டமையால், அறிந்தவற்றை இப்பக்கத்தை வாசிக்கும் தாய்மாருடன் பகிர்ந்துகொள்ள எண்ணினோம்.

எமது இளைய மகளுக்கு வயது 14. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தள்ளிக்கொண்டு நின்றமையால், சிறுபராயந் தொட்டே வாயைக் கையால் மூடிச் சிரிக்கப் பழகியவள். பிறந்தநாட் படங்களிலெல்லாம் அவள் உதடுகள் இறுக மூடியே இருக்கும். கம்பி போட்ட கிழமையிலேயே, பல் ஒரு மயிரிழையேனும் அசையுமுன்னரே, அந்தக் கை இறங்கிவிட்டது. இனி எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் ஒன்றே அவளுக்குப் போதுமாயிருந்தது போலும்.

நான்காம் மாதத்தில் பல் துலக்கும்போது இரத்தம் வரத் தொடங்கியது. முதலிலே கழுவுந்தொட்டியில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு; சில நாட்களிலே பாணைக் கடித்தால் பாணிலும் சிவப்பு. முரசு பல்லின்மேல் ஏறி, பற்களுக்கிடையில் சிறு சிறு மொட்டுக்களைப் போல உப்பி, பளபளவென்று சிவந்து நின்றது. அவள் ஒருவருக்குஞ் சொல்லவில்லை. நோகுமென்றும் இரத்தம் பெருகுமென்றும் அஞ்சி, தூரிகையைப் பல்லின் நடுவிலே மெல்லத் தடவிவிட்டு வாயைக் கொப்பளித்து வந்தாள். அவளுடைய அம்மம்மாவே முதலிற் கண்டுபிடித்தவர். “முரசு புண்ணாய்ப் போச்சுது. அந்தப் பிரஷைக் கொஞ்ச நாளைக்கு விடு பிள்ளை, உப்புத் தண்ணியிலை கொப்பளி, ஆறிவிடும்,” என்றார்.

அம்மம்மாவின் நியாயம் புரிந்துகொள்ள முடியாததன்று. காலில் காயம் பட்டால் அதனைத் தேய்ப்பார் உண்டோ? புண்ணை ஆறவிடுதலே உலக வழக்கம். ஆனால் முரசில் வரும் இரத்தம் பெரும்பாலும் தேய்த்ததனால் வந்ததன்று. தேய்க்காமல் விட்ட இடத்திலிருந்து வருவது. எம் மகளின் பற்களைப் பார்த்த வைத்திய அம்மையார் அன்று சொன்னதும் இதுவே. மழுங்கிய நுனியுடைய மெல்லிய கருவியொன்றை முரசின் ஓரமாக மெதுவாக ஓட்டினார்; தொட்ட இடமெல்லாம் சிவப்புப் புள்ளிகள் எழுந்தன. “இரத்தம் வருகுதெண்டு பிரஷை விட்டால் நாளைக்கு இன்னுங் கூட வரும், பிள்ளை. இரத்தம் வாற இடத்துக்குத்தான் பிரஷ் போகவேணும். மூண்டு கிழமை தாறன். அதுக்குள்ளை இது குறையாவிட்டால் நான் கம்பியை இறுக்கமாட்டன், கழற்றத்தான் வேண்டிவரும்,” என்றார். குரலிலே கோபமில்லை. ஆயினும் பஸ்ஸில் வீடு திரும்பும்வரை பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. கை மறுபடியும் வாய்க்குப் போய்விட்டது.

கம்பி போட்ட நாளிலேயே இதனை விளக்கியிருக்கலாகாதா என்று எமக்குத் தோன்றாமலில்லை. அன்று அங்கே கையிற் கொடுக்கப்பட்டது ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு துண்டுப்பிரசுரம். அதில் பற்களை நன்றாகத் துலக்கவேண்டும் என்றிருந்தது. நன்றாக என்றால் எப்படி என்பதே பிள்ளைக்குத் தெரிய வேண்டியது.

நம்மவர் பல்லூத்தை என்று சொல்வது வெறும் உணவுத் துகளன்று. துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் பல்லின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வாகப் படிகின்றன. சில மணி நேரத்துள் பற்றீரியாக்கள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவற்றின்மேல் வேறு இனங்கள் ஒட்டுகின்றன. ஓரிரு நாட்கள் தொடாமல் விட்டால், பசைபோன்ற ஒரு பொருளைத் தாமே சுரந்து அதனுள்ளே குடியிருக்கும் ஒரு கூட்டமாகிவிடுகின்றன. இந்தப் பசைதான் கொப்பளிக்கும் நீரை உள்ளே விடாது தடுப்பது. உப்பு நீர் வாய்க்கு இதமளிக்கும். ஒட்டிய படலத்தை அது பெயர்க்காது.

இவ்வுயிர்களை முதன்முதலிற் கண்டு எழுதியவர் ஒல்லாந்தின் டெல்ப்ட் நகரத்துத் துணி வியாபாரி அன்ரனி வான் லீவன்ஹுக். தாமே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியினூடாகத் தம் பல்லிடுக்கில் இருந்த வெண்ணிறப் பொருளைப் பார்த்து, அதனுள்ளே உயிர்கள் துள்ளி ஓடுவதை 1683 ஆம் ஆண்டு இலண்டன் அரச சங்கத்துக்குக் கடிதமாக எழுதினார். அவர் தினமும் காலையில் பல்லை உப்பினால் தேய்ப்பவர். தம் வாய் மற்றவர் வாயிலும் துப்புரவானது என்று நம்பியவர். அப்படிப்பட்ட வாயிலுங்கூட அவை இருந்தன. பல்லே துலக்கியறியாத ஒரு முதியவரின் வாயிலோ அவை கணக்கின்றி நெளிந்தன. ஓர் இராச்சியத்து மக்கள் தொகையிலும் ஒரு வாயிலுள்ள உயிர்களின் தொகை அதிகம் என்பது அவர் கண்ட முடிவு. அம்மம்மாவுக்கு இக்கதையைச் சொன்னபோது, “அந்த ஆளும் உப்புத்தானே போட்டவர்,” என்று தம் கட்சிக்கே அதனைச் சாதகமாக்கிக்கொண்டார்.

இனி, கம்பி இதில் என்ன செய்கின்றது? கம்பி நஞ்சன்று, அது முரசை நோயாக்குவதுமன்று. ஆனால் பல்லின் வழுவழுப்பான முகத்திலே, பொட்டு வைத்ததுபோல உலோகத் துண்டுகளை ஒட்டி, அவற்றினூடாகக் கம்பியை ஓட்டி, இறப்பர் வளையங்களாற் கட்டிவிட்டால், முன்பு நாக்கும் கன்னமும் உமிழ்நீரும் தாமாகவே துடைத்துச் சென்ற இடங்கள் எல்லாம் மூலை முடுக்குகளாகின்றன. பல்லுக்கு ஒரு பொட்டு. பொட்டுக்கும் முரசுக்கும் இடையில் ஒரு சிறு சந்து. அச்சந்திலேதான் பல்லூத்தை தங்குகின்றது. தங்கியவுடன் முரசு தன் பாதுகாப்புக்காக இரத்தக் குழாய்களை விரித்து, வெள்ளணுக்களை அங்கே அனுப்புகின்றது. சிவப்பும் வீக்கமும் இதனால் வருவன. வீங்கிய முரசு பல்லின்மேல் ஏறி நிற்க, அதன் அடியில் காற்றுப் புகாத ஒரு பை உண்டாகின்றது. காற்றை விரும்பாத பற்றீரியாக்களுக்கு அதைவிட நல்ல வீடு எது? அவை அங்கே பெருக, வீக்கம் மேலும் ஏறுகின்றது. கம்பி போட்ட சில மாதங்களில் வாயிலுள்ள பற்றீரியாக்களின் இனங்களே மாறிவிடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

வயதும் ஒரு காரணம். கம்பி போடப்படுவது பெரும்பாலும் பிள்ளைகள் பருவமடையும் ஆண்டுகளிலேயாம். அக்காலத்தில் உடலிலே பெருகும் சுரப்புக்கள் முரசின் இரத்தக் குழாய்களை இளகச் செய்கின்றன. அதே அளவு ஊத்தைக்குச் சிறு பிள்ளையின் முரசைவிடப் பருவப் பிள்ளையின் முரசு அதிகமாகப் பொங்குகின்றது. ஆகையால், அக்காவுக்கு வராத இரத்தம் தங்கைக்கு ஏன் வந்தது என்று அவளைக் குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

துலக்காவிட்டால் முரசு வீங்குமென்பதை ஐயமற நிறுவியது டென்மார்க்கிலே நடந்த ஒரு சோதனை. ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவருடைய துணைவரும் 1965 இல் வெளியிட்டது அது. முரசு நல்ல நிலையிலிருந்த 12 பேர், பெரும்பாலும் பல்வைத்திய மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் பன்னிருவருக்கும் முரசு அழற்சி உண்டாயிற்று. மறுபடியும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு கிழமையிலே முரசு பழைய நிலைக்குத் திரும்பியது. அவர்கள் எவருக்கும் கம்பி இருக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் வைத்திய அம்மையார் தந்த மூன்று கிழமைத் தவணை காற்றிலிருந்து எடுத்த கணக்கன்று என்பது இதனைப் படித்தபோது எமக்கு விளங்கிற்று.

அதே ஹரால்ட் லோ பின்னர் நமது நாட்டுக்கு வந்தார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை 1970 இல் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை அவருடைய குழுவினர் இடையிடையே வந்து பார்த்துச் சென்றனர். அத்தொழிலாளர்கள் தூரிகையால் துலக்கும் வழக்கமில்லாதவர்கள். பல்வைத்தியரின் முகத்தையே காணாதவர்கள். அவர்கள் வாயிலே ஊத்தையும் காரையும் முரசு வீக்கமும் எங்கும் இருந்தன. ஆனால் விளைவு எல்லோருக்கும் ஒன்றாயிருக்கவில்லை. 100 பேரில் ஏறத்தாழ 8 பேருக்குப் பல்லைத் தாங்கும் எலும்பு விரைந்து கரைந்தது. 81 பேருக்கு மெல்ல மெல்லக் கரைந்தது. 11 பேருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை. எந்தப் பிள்ளை அந்த 8 பேரில் ஒருவர், எந்தப் பிள்ளை அந்த 11 பேரில் ஒருவர் என்பதை வாயைப் பார்த்த அளவிலே எந்தத் தாய் சொல்ல வல்லள்? உலகெங்கும் பல்வைத்திய மாணவர்கள் இந்தக் கணக்கைப் படிக்கின்றார்கள். தோட்டத்து லயன்களில் வாழ்ந்த அந்த மனிதர்கள் பாடநூல்களிலே வீதங்களாக நிற்கின்றார்கள். அதனை இங்கே ஒரு வரியிலேனும் நினைக்காமற் செல்ல மனம் ஒப்பவில்லை.

எலும்பு என்றதும், கம்பியைக் கழற்றுவேன் என்ற எச்சரிக்கையின் காரணத்துக்கு வருகின்றோம். பல் தாடையிலே சுவரில் அடித்த ஆணிபோல இறுகி நிற்பதில்லை. வேரைச் சுற்றி நுண்ணிய நாரிழைகள் உள. அவற்றாலேயே பல் எலும்போடு பிணைக்கப்பட்டிருக்கின்றது. கம்பி ஒரு பக்கமாகத் தள்ளும்போது, அழுத்தப்படும் பக்கத்திலே எலும்பு கரைகின்றது. இழுபடும் மறுபக்கத்திலே புதிய எலும்பு உண்டாகின்றது. இப்படியாகப் பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நகர்கின்றது. நலமான முரசிலே இது ஒழுங்காக நடக்கும். ஊத்தையும் அழற்சியும் உள்ள முரசிலே பல்லை நகர்த்தினால், கரைந்த எலும்பு திரும்ப உண்டாகாமற் போகக்கூடும். முரசு வீக்கம் திரும்பக்கூடியது. இழந்த எலும்பு பெரும்பாலும் திரும்பாதது. வைத்தியர் கம்பியை இறுக்க மறுத்தது பிள்ளைக்கு அளித்த தண்டனையன்று. ஊத்தையிலுள்ள வேறு சில பற்றீரியாக்கள் சீனியைப் புளிப்பாக்கிப் பல்லின் மேற்பூச்சாகிய மிளிரியை அரிக்கவும் வல்லன. கம்பி கழற்றியபின் பொட்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவியதுபோல வெண்புள்ளிகள் தெரிவது அதனாலே.

அந்த மூன்று கிழமைக்கு வருவோம். பல்லூத்தையைச் சிவப்பாக்கிக் காட்டும் மாத்திரைகள் சிலவற்றை அம்மையார் கொடுத்தனுப்பியிருந்தார். வழக்கம்போலத் துலக்கிவிட்டு ஒன்றை மென்று, நாக்கால் எங்கும் பரவச் செய்து, துப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். பார்த்தாள். பல்லின் நடுப்பகுதி வெண்மையாகவே இருந்தது. பொட்டுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள சந்துகள் மாத்திரம் ஒன்றுவிடாமற் செக்கச்செவேலென்று நின்றன. அந்த வேளையிலே குளியலறை வாசலுக்கு வந்த அம்மம்மா, “என்னடி பிள்ளை, வெத்திலை போட்டனியோ?” என்று திகைத்தார். பிள்ளை கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். ‘நன்றாகத் துலக்கு’ என்று ஆயிரம் முறை சொல்லியும் விளங்காதது, அந்தச் சிவப்பைக் கண்ட அரை நிமிடத்திலே அவளுக்கு விளங்கிவிட்டது.

பிறகு அவள் செய்ததைச் சற்று விரிவாகவே சொல்கின்றோம், வேண்டியவர்களுக்குப் பயன்படும். மென்மையான தும்புள்ள சிறிய தூரிகையை முரசை நோக்கிச் சரிவாகப் பிடித்து, தும்பின் நுனி பாதி பல்லிலும் பாதி முரசின் ஓரத்திலும் படும்படி வைத்து, இடம்பெயராமலே மெல்ல அசைத்தல். ஒரு முறை பொட்டுக்கு மேலாக. ஒரு முறை பொட்டுக்குக் கீழாக. ஒரு முறை பொட்டின்மேல். பின் கம்பிக்கும் பல்லுக்கும் இடையே நுழையும் மிகச் சிறிய தூரிகையால், போத்தல் கழுவுவதுபோல, ஒவ்வோர் இடைவெளியாகத் துப்புரவு செய்தல். உட்பக்கத்தையும் மறத்தலாகாது; அங்கே பொட்டு இல்லையாயினும் ஊத்தை உண்டு. புளோரைட்டு உள்ள பற்பசை. இரவில் படுக்குமுன் செய்வதே எல்லாவற்றிலும் முக்கியம். உறக்கத்திலே உமிழ்நீர் குறைந்துவிடுவதால் பற்றீரியாக்களுக்கு அதுவே கொண்டாட்ட நேரம். முதல் நாட்களில் இத்தனைக்கும் கால்மணி நேரம் பிடித்தது. பாடங்களுக்கு மேலே இதுவுமா என்று முகஞ் சுளித்தாள். நாமும் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முதல் நாலைந்து நாள் இரத்தம் குறையவில்லை, கூடியது. அப்பொழுது நிறுத்திவிடாமல் இருப்பதற்குத்தான் மனவுறுதி வேண்டியிருந்தது. ஏழாம் எட்டாம் நாளளவில் கழுவுந்தொட்டியில் நீர் வெறும் நீராகவே ஓடியது.

குளோர்எக்சிடீன் கலந்த வாய் கழுவும் மருந்தையும் இரண்டு கிழமைக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். அது பற்றீரியாக்களை அடக்குவதில் வல்லது. ஆனால் நெடுநாள் பாவித்தால் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை படியும், நாவின் சுவை மாறும். தேநீரை நாலு வேளை குடிக்கும் நம்மவர் பல்லிலே அந்தக் கறை இன்னும் விரைவாகப் படியும். பற்பசையால் துலக்கியவுடனே அதனைப் பாவித்தால் பசையிலுள்ள நுரைப்பொருள் மருந்தின் வலிமையைக் குறைக்கும். அரைமணி நேரம் கழியவேண்டும். வைத்தியர் சொன்ன நாளுக்கு மேல் கடையில் வாங்கித் தொடர்வது நன்றன்று. வேப்பங்குச்சியை இகழ எமக்கு மனமில்லை. ஆலும் வேலும் போற்றப்பட்ட நாடு இது. ஆயினும் குச்சி எவ்வளவு நல்லதாயினும் கம்பியின் அடியில் அது நுழையாது. கரித்தூளோ மிளிரியை உராய்வதோடு, பொட்டைச் சுற்றி அடைந்தும் நிற்கும்.

மூன்று கிழமை கழித்துப் போனோம். அதே கருவி, அதே மெல்லிய ஓட்டம். கீழ்க்கடைவாய்ப் பற்களில் இரண்டு இடத்தில் மாத்திரம் சிவப்புப் புள்ளி எழுந்தது. மேல் முரசிலே உப்பியிருந்த மொட்டுக்கள் வடிந்து கூர்மையாகியிருந்தன. நிறமும் இளஞ்சிவப்புக்குத் திரும்பியிருந்தது. அம்மையார் ஒன்றும் புகழ்ந்து பேசவில்லை. கம்பியை மாற்றி இறுக்கிவிட்டு, “இண்டைக்கு இரவு நோகும், பிள்ளை, கஞ்சி குடியும்,” என்றார். அன்றிரவு அவள் நோகிறது நோகிறது என்று வீடு முழுவதும் சொல்லித் திரிந்தாள். அந்த முறைப்பாட்டைக் கேட்பது எமக்கு எவ்வளவு இன்பமாயிருந்தது என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது பதின்மூன்றாம் மாதம். முன்பற்கள் உதட்டுக்குள் வந்துவிட்டன. பின்வரிசையில் வேலை இன்னும் இருக்கின்றது. கழற்றிய பின்னரும் பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாதிருக்க வேறொரு சாதனம் அணியவேண்டுமாம். அதனையும் நாள்தோறுங் கழுவவேண்டும். சென்ற மாதம் தவணைப் பரீட்சை நாட்களில், விடியும்வரை படித்துவிட்டுத் துலக்காமலே படுத்த இரண்டொரு இரவுகளின் பின், கீழ் வலப்பக்கத்தில் மீண்டும் இரத்தம் கண்டது. இம்முறை எவரும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய், தானே தேடிப்பார்த்து, கடைசிப் பொட்டுக்குப் பின்னால் என்று இடத்தையுஞ் சொன்னாள். கம்பிக்குள் நுழைக்கும் சின்னத் தூரிகையின் தும்பு தேய்ந்துபோயிற்று என்றும், பட்டணத்திலிருந்து வரும்போது இரண்டு வாங்கிவரும்படியும் தகப்பனாருக்குத் தொலைபேசியிற் சொன்னாள்.